நான்கு குரல், ஒரு சொல்

களியக்காவிளைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். இன்னும் சற்று நடந்தால் கேரளம் வந்துவிடும். வாழைத்தார் வண்டிகளும் மீன் சந்தையுமாக எந்நேரமும் ஒரே இரைச்சல். டீக்கடையில் ஒருவர் தமிழில் கேள்வி கேட்பார். பக்கத்திலிருப்பவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இருவருக்கும் அது வித்தியாசமாகவே படாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர்ச் சீமையின் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததே தவிர நாக்கில் விழவில்லை!

கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, இந்தப் பக்கத்தில் ஏதாவதொரு தேவாலயத்தின் வாசலில் நின்று பாருங்கள். உள்ளே பாட்டு ஒத்திகை நடந்துகொண்டிருக்கும். முதலில் பெண்கள் மட்டும் ஒரு வரியைப் பாடுவார்கள். அதே வரியை வேறு சில பெண்கள் வேறு மாதிரி பாடுவார்கள். பிறகு ஆண்கள், அவர்களிலும் இரண்டு கட்சி. ‘இதென்ன, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களே, சுருதியே சேரவில்லையே!’ என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுத்திருங்கள். எல்லோரையும் சேர்த்து ஒரு தடவை பாட வைப்பார் குழுத் தலைவர். அப்போதுதான் விஷயம் புரியும். சிக்குக் கோலம் போடும்போது தனித்தனியாக எங்கெங்கோ ஓடிய கோடுகள் கடைசியில் ஒரே கோலமாகக் கண்ணில் விழுமே, அதே கதைதான்!

இந்தக் கோஷ்டி கானத்தை அமைப்பது எப்படி? பக்தியோடு ஒருவர் எழுதி வைத்த தமிழ்ப் பாட்டை நான்கு குரலுக்குப் பிரித்துக் கொடுப்பதில் என்ன சிரமம் இருக்கிறது? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

மலையும் மாலையும்

முதல் சிரமம் ஸ்வரத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

‘மலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே குறுகிய எழுத்து. இதன் முதலெழுத்தை நீண்ட ஸ்வரத்தில் வைத்துப் பாடினால் என்ன ஆகும்? ‘மாலை’ ஆகிவிடும். ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும். ‘படு’ என்பது ‘பாடு’ ஆகும்! ஆங்கிலத்திலோ ஜெர்மன் மொழியிலோ ஒரு சொல்லை நீட்டிப் பாடுவதால் பெரும்பாலும் அர்த்தம் கெட்டுப்போவதில்லை. தமிழில் குறிலும் நெடிலும் வேறு வேறு எழுத்து. வேறு வேறு அர்த்தம்.

1706ஆம் ஆண்டு ஜூலையில் சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அந்த லுத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்கள் தங்கள் ஊர் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்தார்கள். பின்னால் வந்த பப்ரிசியஸ் இந்தப் பணியில் பெயர் பெற்றவர். மெட்டு ஜெர்மன் மெட்டு. அது முன்பே முடிவாகிவிட்டது. சட்டை தைத்து முடிந்த பிறகு அதற்குள் ஆளைத் திணிப்பதுபோல, தமிழ்ச் சொற்களை அதற்குள் அடக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் அழகாகப் பொருந்தின. சில இடங்களில் தோள் இடித்தது, கை குறைந்தது. பாடினவர்கள் பழகிக்கொண்டார்கள். ஆனால் புதிதாகக் கேட்கிறவருக்கு, பாட்டு தமிழா இல்லையா என்ற சந்தேகமே வந்திருக்கும்.

இதை மாற்றியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். சுவார்ட்ஸ் பாதிரியார் சிறுவனாக இருந்த அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். சரபோஜி மகாராஜாவும் இவரும் ஒரே குருவிடம் வளர்ந்தவர்கள். சங்கீதம் ததும்பி நின்ற தஞ்சாவூரில் இருந்துகொண்டு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம்முடைய கீர்த்தனை உருவிலேயே கிறிஸ்தவப் பாடல்களை அவர் இயற்றினார். குறவஞ்சியையும் விடவில்லை; ‘பெத்லகேம் குறவஞ்சி’ அவருடையதுதான். 1864இல் தொண்ணூறு வயதை எட்டும் தறுவாயில் காலமானார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்ற பாதிரியார் 1853இலேயே இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டிருந்தார். இன்றைக்கும் தமிழ்ச் சபைகளின் பாட்டுப் புத்தகத்தில் ஞானப்பாட்டு ஒரு பக்கம், கீர்த்தனை ஒரு பக்கம் என்று இரண்டு பிரிவு இருப்பதைப் பார்க்கலாம். கீர்த்தனைகளுக்கு மேலே ராகமும் தாளமும் குறித்திருக்கும்.

நாஞ்சில் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1806இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அந்த மயிலாடி மண்ணில் தோன்றிய ஜான் பால்மர்தான் 1865இல் ‘கிறிஸ்தாயனம்’ என்ற காவியத்தை வெளியிட்டவர், கீர்த்தனைகளும் இயற்றியவர். களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரச் சாலையில் போனால் நெய்யாற்றின்கரை வரும். அதன் அருகே திருப்புறத்தில் 1847இல் பிறந்தவர் மோசவத்சலம் சாஸ்திரிகள். அவர் எழுதியது மலையாளத்தில். சாலைக்கு இந்தப் பக்கம் தமிழ்க் கீர்த்தனை, அந்தப் பக்கம் மலையாளக் கீர்த்தனை. ராகங்கள் மட்டும் இரு பக்கத்துக்கும் பொது.

ஆனால் கீர்த்தனை என்பது என்ன? ஒரே இழையாக ஓடும் பாட்டு. சபையார் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். பெண்கள் மேலே, ஆண்கள் அதே ஸ்வரங்களைக் கீழ் ஸ்தாயியில். அதை நான்கு இழையாகப் பிரிப்பதில்தான் இரண்டாவது சிரமம் ஆரம்பமாகிறது.

யாருக்கு எந்தக் கட்டை?

வீட்டில் பெண்ணுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆண்கள் ஒரு கட்டை சுருதியில் சௌகரியமாகப் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து கட்டை வேண்டும். இருவரும் ஒரே சுருதியில் பாட நேர்ந்தால் ஒருவருக்குத் தொண்டை வலிக்கும். மற்றவருக்குக் குரல் கிணற்றுக்குள் போய்விடும்.

மேனாட்டார் இதற்குக் கண்ட வழி, குரல்களைத் தரம் பிரித்துத் தனித்தனிப் பாதை கொடுப்பது. உச்சத்தில் பாடும் பெண்கள் சோப்ரானோ. தணிந்த குரலுள்ள பெண்கள் ஆல்டோ. உயர்ந்த ஆண் குரல் டெனர். அடிக்குரல் பேஸ். நான்கும் ஒரே நேரத்தில் நான்கு ஸ்வரங்களில் நிற்கும். ஆனால் அந்த நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ச, க, ப மூன்றையும் ஆர்மோனியத்தில் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். காதுக்கு இதமாக இருக்கிறதல்லவா? அதுதான் அடிப்படை.

மேனாட்டுக் கோடுபோட்ட ஸ்வரக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்களும் இப்படிப் பாடுவதற்கு ஒரு சுலப முறை உண்டு. ஸோல்ஃபா என்பார்கள். ‘டோ, ரே, மீ’ என்ற பெயர்களின் முதலெழுத்துக்களைக் கொண்டே பாட்டை எழுதிவிடலாம். நம்முடைய ‘ச’ எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் நிற்பதுபோல இதில் ‘டோ’வும் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். இதன் மூலத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இங்கிலாந்தில் நார்விச் நகரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஸாரா குளோவர் என்ற அம்மாள் அவர். ஜான் கர்வன் என்ற பாதிரியார் அதைச் செப்பனிட்டுப் பரப்பினார். மிஷனரிகளோடு அது உலகம் சுற்றியது. தென்னாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

சரி, முறை கிடைத்துவிட்டது. பாட்டைப் பிரித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

சங்கராபரணத்தில் அமைந்த கீர்த்தனையானால் கவலையில்லை. மேனாட்டாரின் மேஜர் ஸ்கேல் கிட்டத்தட்ட நம் சங்கராபரணந்தான். முத்துஸ்வாமி தீட்சிதர் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாஹித்யம் எழுதி ‘நோட்டு ஸ்வரம்’ ஆக்கியதும் அந்த ராகத்தில்தானே? ஆனால் மோகனம் வந்துவிட்டால் சங்கடம். மோகனத்தில் ஐந்தே ஸ்வரம்: ச, ரி, க, ப, த. மேனாட்டு முறைப்படி வரியை முடிக்கும் இடத்தில் ‘ப, நி, ரி’ என்ற கூட்டு வேண்டும். மோகனத்தில் நி ஏது? நிஷாதத்தை உள்ளே விட்டால் கோஷ்டி கானம் நிறைந்து ஒலிக்கும். ஆனால் மோகனம் செத்துவிடும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நெற்றியைச் சுருக்குவார்!

கெட்டிக்காரரான இசையமைப்பாளர் என்ன செய்வார்? அடிக்குரலைச் ச, ப இரண்டிலும் தம்பூராவைப்போல நிறுத்திவிடுவார். அல்லது பெண்கள் பாடிய வரியை ஆண்கள் ஒரு தாளம் தள்ளித் துரத்திக்கொண்டு வரும்படி செய்வார். ஸ்வரம் ஒன்றும் கூடவில்லை. ஆனாலும் குரல் இரண்டாகிவிட்டது! அசைவுகள் நிறைந்த தோடி போன்ற ராகமானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கமகத்தைத் தனி ஒருவர் பாடினால் தேன். முப்பது பேர் சேர்ந்து அசைத்தால் ஆளுக்கொரு பக்கம் சறுக்கும். ஆகவே நெளிவு சுளிவுகளைத் தனிக் குரலுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களை நேரான ஸ்வரங்களில் நிற்க வைப்பார்.

இத்தனையும் செய்தபின் மறுபடி சொல்லுக்கு வர வேண்டும். ‘பயமில்லை’ என்று ஒரு வரி முடிகிறது என்று வையுங்கள். பெண்கள் ‘பயம்’ என்று பாடிவிட்டு மூச்சு வாங்குகிறார்கள். ‘இல்லை’ என்பது அடுத்த தாளத்தில் ஆண்களிடமிருந்து வருகிறது. அந்த ஒரு தாள நேரம் சபை முழுவதும் பயத்திலேயே இருக்க வேண்டியதுதான்! ‘இரக்கம்’ என்ற சொல்லில் ‘க்’ என்ற ஒற்றை நான்கு குரலும் ஒரே கணத்தில் அடைக்க வேண்டும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால் ஓட்டை விழுந்த கூரையில் மழை பெய்தாற்போல ‘க், க், க்’ என்று சொட்டும். ஒத்திகையில் ஒரே வரியைப் பத்துத் தடவை திருப்பிப் பாட வைப்பதற்குக் காரணம் இதுதான். ஸ்வரம் வராததனால் அல்ல, சொல் வராததனால்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரின் நினைவு இங்கே வருகிறது. வைத்தியராகப் பேரும் பொருளும் சம்பாதித்தவர். அந்தப் பொருளைச் சங்கீத ஆராய்ச்சியில் செலவிட்டார். தொண்ணூற்றாறு கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றி ஸ்வரப்படுத்தினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் தம் கொள்கையை விளக்க அவர் யாரைக் கூட்டிக்கொண்டு போனார் தெரியுமா? தம் பெண்மக்களை! பெண்கள் சபையேறி வாசிப்பதற்கு ஊரார் முகம் சுளித்த காலம் அது.

கடைசி வரிசைப் பெண்கள்

பெண்கள் என்றதும் நம் சகோதரிகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

உலகமே கொண்டாடும் பாஹ், 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக் நகரத் தேவாலயங்களுக்குச் சங்கீதம் அமைத்துக் கொடுத்தார். அங்கே உச்சக் குரலில் பாடியவர்கள் யார்? பெண்கள் அல்ல, புனித தோமா பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள். ஆராதனைக் குழுவில் பெண்களுக்கு இடமில்லை.

இப்போது களியக்காவிளைப் பக்கம் திரும்புங்கள். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் பழைய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் தோளை மூடித் துணி போடக்கூடாது என்று இருந்த தேசம் இது. போட்டவர்களின் துணியைக் கிழித்தார்கள். ஆலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். தோள்சீலைக் கலகம் என்பது அதுதான். 1822இல் தொடங்கி விட்டுவிட்டு நடந்து, 1859இல் மகாராஜாவின் பிரகடனத்துக்குப் பிறகே ஓய்ந்தது. அந்தப் பிரகடனமும் முழு உரிமை தரவில்லை. தோளை மூடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்றது.

அந்தப் பெண்கள் எங்கே எழுத்துப் படித்தார்கள்? 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் முதலிய மிஷனரி மனைவிமார் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடத்திலும், அதைப் போன்ற பிற பள்ளிகளிலும். அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொண்டு, அந்தச் சம்பாத்தியத்தால் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பாட எழுத்துத் தெரிய வேண்டுமல்லவா? தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாத ஒரு பெண், ஆலயத்துக்குள் எல்லோர் காதிலும் விழப் பாடலாம்! அது சாமானிய விஷயமா?

ஆகையால்தான் நான்கு குரல் பாட்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஆல்டோப் பெண்கள்மேல் தனிப் பிரியம். சோப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கிறது, புகழும் கிடைக்கிறது. பேஸ் குரல் அதிர்வதைக் கேட்டுக் குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். ஆல்டோவை யார் கவனிக்கிறார்கள்? பாதி நேரம் ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் காதைத் துளைக்கும் மெட்டு இழுக்க இழுக்க, அதன் பின்னால் போகாமல் தன் பாதையில் ஊன்றி நிற்க வேண்டும். அவர்கள் பாடுவதை நிறுத்திவிட்டால்தான் தெரியும், பாட்டு எவ்வளவு வெறிச்சென்று போகிறது என்று. குடும்பத்தில் யாருடைய வேலை இப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

நல்ல இசையமைப்பாளர் ஆல்டோவை ஒட்டுப்போடும் துணியாக நினைக்க மாட்டார். அவர்களுக்கும் பாடப் பாட ருசிக்கும் ஒரு பாதை கொடுப்பார். தனியாக முணுமுணுத்தாலும் அது ஒரு பாட்டாக இருக்க வேண்டும். அப்படி எழுதியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆல்டோப் பெண், மறுநாள் பாத்திரம் கழுவும்போது எதைப் பாடுகிறாள் என்று கேளுங்கள். தன் வரியைப் பாடினால் இசையமைப்பாளர் தேறிவிட்டார். சோப்ரானோவின் மெட்டைப் பாடினால் அவர் இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

பாட்டியின் உதடுகள்

இன்று களியக்காவிளையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வகை ஆராதனை நடக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் கீர்த்தனை. கத்தோலிக்கக் கோயில்களில் 1963இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு, லத்தீன் இருந்த இடத்தில் தமிழ்ப் பாடல்கள் பெருகின. மலங்கரை சபையாரின் குர்பானாவில் சுரியானி மரபின் ராகங்கள் கேட்கும். எங்கே போனாலும் ஒரு பாடகர் குழு உண்டு. கீபோர்டு வந்துவிட்டது, ஒலிபெருக்கி வந்துவிட்டது, குழுவுக்குச் சீருடையும் வந்துவிட்டது.

இதனோடு ஓர் அபாயமும் வந்திருக்கிறது. குழு பாடுகிறது, ஜனங்கள் கேட்கிறார்கள். நேற்றுவரை பாடிக்கொண்டிருந்தவர்கள் இன்று ரசிகர்களாகிவிட்டார்கள். அதிலும் நான்கு குரல் மோதிச் சொல் மங்கிப்போனால், பாட்டு எதைப் பற்றியது என்றே பின்வரிசைக்குத் தெரிவதில்லை. யாருக்காக எழுதிய பாட்டோ அவர்களே வெளியே நிற்கிறார்கள்.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இந்தக் கவலையை உரக்கச் சொன்னவர். ‘பரட்டை’ என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டவர். மேனாட்டுப் பாட்டும் வேண்டாம், சபா சங்கீதமும் வேண்டாம், ஏழை ஜனங்கள் வயலில் பாடுகிற மெட்டில் அவர்களுடைய பேச்சிலேயே ஆராதனை இருக்கட்டும் என்று கிராமிய இசையில் முழு வழிபாட்டையே அமைத்தார். நாட்டுப்பாட்டை ஜனங்கள் தங்கள் வசதிப்படி மாற்றிப் பாடிக்கொள்ளலாம், அதனால்தான் அது அவர்கள் சொத்து என்பது அவர் கட்சி.

அப்படியானால் நான்கு குரலே வேண்டாமா? என் அபிப்பிராயம் அதுவல்ல. நான்கு குரலில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. உனக்கு உச்சக் குரல் இல்லையா, பரவாயில்லை, உனக்கும் ஓர் இடம் உண்டு என்கிறது அது. ஒருவரும் இன்னொருவரைப்போலப் பாட வேண்டியதில்லை. ஆனால் ஒருவருக்காக ஒருவர் காது கொடுத்தே ஆக வேண்டும். இதைவிட நல்ல பாடம் எந்த ஊருக்கு வேண்டாம்? சமத்காரமாக அமைப்பவர்கள் பல்லவியை ஒரே மெட்டாகச் சபை முழுவதற்கும் விட்டுவிடுகிறார்கள். சரணத்தில்தான் குரல்களைப் பிரிக்கிறார்கள். சரணம் முடிந்ததும் பல்லவி திரும்பி வரும். அப்போது எல்லோரும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். பகலில் பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ கடையிலோ உழைத்துவிட்டு, இரவில் பாட்டைப் பிரித்து எழுதி, மறுநாள் நகல் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பாடுகிற பெண்களோ அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளைச் சாப்பிட வைத்துவிட்டு ஓடி வருகிறவர்கள்.

அடுத்த டிசம்பரில் உங்கள் ஊர்த் தேவாலயத்திலோ தெருவிலோ இப்படி ஒரு குழு பாடினால், மதம் எதுவானாலும், இரண்டு நிமிஷம் நின்று கேளுங்கள். மெட்டை விட்டுவிட்டு அதன் கீழே ஓடும் ஆல்டோவைத் தேடுங்கள். பிறகு சொல் தெளிவாக விழுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, பின்வரிசைப் பாட்டியின் உதடுகளைப் பாருங்கள். அவை அசைந்தால் பாட்டு ஜெயித்துவிட்டது.